குண்டூசியும் மரியாதையும்

நரம்பியல் மேற்படிப்பு என்றால் மூளையைப் பற்றிப் பெரிதாக ஏதோ படிக்கிறேன் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாதி நேரம் நான் செய்தது, ஆளைக் குண்டூசியால் குத்திவிட்டு "தெரியுதுங்களா?" என்று கேட்டதுதான். தொண்ணூறுகளின் தொடக்கம்; எங்கள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு எம்.ஆர்.ஐ. வந்திருக்கவில்லை. தண்டுவடம் எங்கே நசுங்கியிருக்கிறது என்பதை, தோலில் உணர்ச்சி எந்த இடத்தோடு நின்றுபோகிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கு 'லெவல்' என்று பெயர். அது தெரிந்தால்தான் முதுகில் எங்கே அறுப்பது என்று முடிவாகும்.

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், இரண்டு காலும் விழுந்துபோய் வந்து சேர்ந்தார். இன்னும் தள்ளிப்போனால் அந்தக் கால்கள் திரும்பவே திரும்பாது. காலை ரவுண்ட்ஸில் பேராசிரியர் "லெவல் எங்கே?" என்றார். நான் எங்கே போவேன்? பாதத்தில் குத்தினாலும் "தெரியுதுங்க", முட்டியில் குத்தினாலும் "தெரியுதுங்க", வயிற்றில் "நல்லாத் தெரியுதுங்க டாக்டர்." மத்தியானத்துக்குள் கண்டுபிடிக்க முடியாவிட்டால் மாடு மேய்க்கப் போ என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

முந்தின நாளும் டியூட்டி. குனிந்து குனிந்து இடுப்பே விட்டுப்போயிருந்தது. மறுபடி கால் விரலிலிருந்து ஆரம்பித்தேன். சலிப்பில் ஒரு தடவை ஊசியைக் கிட்டவே கொண்டுபோகவில்லை. அவர் கண்ணை மூடியிருக்க, சும்மா "தெரியுதுங்களா?" என்றேன்.

"தெரியுதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க, நான் இப்பத் தொடவே இல்லீங்க."

கண்ணைத் திறந்தவர் சங்கடப்பட்டுப் போனார். "காத்தாலிருந்து இத்தன பாடுபடறீங்க. தெரியலைன்னா மனசு நொந்துபோவீங்கன்னு அப்படிச் சொல்லிப்போட்டனுங்க."

இந்த ஊர் மரியாதையை என்னவென்று சொல்ல. போதும் என்று சொல்ல வாய் வராமல் ஒரே மத்தியானம் இரண்டு வீட்டில் சாப்பிட்டவன்தானே நானும். "தெரியலைன்னு சொன்னாத்தானுங்க உங்களுக்கு நல்லது" என்று கெஞ்சினேன். அதற்கப்புறம் மார்புக்குக் கீழே எங்கே குத்தினாலும் "தெரியலீங்க" தான். ஒவ்வொன்றையும் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.

லெவல் கிடைத்துவிட்டது. சர்ஜனுக்குச் சொல்லக் கிளம்பியபோதுதான் அவர் கேட்டார்.

"நடப்பேனுங்களா?"

நடப்பீங்க என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "சொல்ல முடியாதுங்க. வந்ததே தாமதமுங்க."

போர்வையை இழுத்துத் தன் கால்களை மூடிக்கொண்டார். "செரி, உடுங்க. நீங்க போயி மொதல்ல சாப்புடுங்க. மூஞ்சியே வாடிப்போச்சு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சர்ஜனிடம் லெவலைச் சொல்லிவிட்டுக் கேன்டீனில் தட்டைப் போட்டு உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை.