கயிற்றில் இறங்கி வந்த கையுறை

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு நான் முதலில் கண்டது ஒரு செம்மஞ்சள் நிறக் கையுறையை. மலையுச்சியிலிருந்து, எங்கள் தலைகளுக்கு மேலாகத் திரும்பி ஓடிய கயிற்றில் ஒட்டிக்கொண்டு, அது தனியாகக் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. மணிக்கட்டுப் பக்கம் கட்டியிருந்த கறுப்பு நாடா அறுந்து காற்றில் ஆடியது. வரிசையில் நின்ற பிள்ளைகள் அதைக் கண்டு சிரித்தார்கள். "ஆரோ கையைக் கழட்டி விட்டிட்டான்" என்று ஒருவன் கத்தினான். அது எனக்கு நேர் மேலே வந்தபோது என் ஜக்கெற்றின் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. கையுறை காலியாக இருக்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஸ்காபரோவின் கிழக்கு விளிம்பில், மோர்னிங்சைட்டில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில் அந்தப் பனிச்சறுக்கு மலை இருந்தது. மலை என்று எல்லோரும் சொன்னாலும் எங்கள் கட்டடத்தின் பாதி உயரம்கூட இராது. அக்கம்பக்கத்தார் சிலர் சேர்ந்து வார இறுதிகளில் அதை நடத்தினார்கள். உச்சியில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் பழைய லொறி ஒன்றின் இயந்திரம், அது சுற்றும் இரும்புச் சக்கரம், அந்தச் சக்கரத்தில் ஓடும் முடிவில்லாத தடித்த கயிறு. கீழே நின்று கயிற்றை இறுகப் பிடித்தால் அது ஆளை மேலே இழுத்துப் போகும், சக்கரத்துக்கு முன்னால் கையை விட்டு விலகிவிட வேண்டும். நாங்கள் அந்தக் கயிற்றைப் "பாம்பு" என்றும் சக்கரத்தைச் "சில்லு" என்றும் சொன்னோம்.

அங்கே அடிபாடு இல்லாத நாள் எனக்கு நினைவில்லை. வெள்ளைக்காரப் பெடியன்கள் புதுச் சப்பாத்தோடும் பளபளக்கும் ஸ்கீகளோடும் வருவார்கள், எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் இரவல் ஸ்கீகளில், அளவில்லாத சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். வரிசையில் முந்தியது யார் என்பதில் தொடங்கும் சண்டை ஊன்றுகோல்களில் முடியும். ஒருமுறை நான்காம் மாடி ஜெகன் ஒருவனுடைய மூக்கை உடைத்தான், மறுவாரம் ஜெகனுடைய முன்பல் பாதி போயிற்று. பனியில் விழுந்த இரத்தம் முதலில் சிவப்பாகவும் பிறகு இளஞ்சிவப்பாகவும் இருந்து, புதுப்பனி விழுந்ததும் இல்லாமற்போகும். வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. "ஷெல்லடிக்குள்ளாலை ஓடி வந்தனாங்கள், உது பிள்ளையளின்ரை விளையாட்டு" என்பார் அப்பா. எங்கள் கட்டடத்துப் பெற்றோர் அநேகரும் மலையை அப்படித்தான் பார்த்தார்கள். குண்டு விழாத இடம் ஆபத்தில்லாத இடம்.

பாம்பு கையுறைகளைத் தின்னும். கம்பளிக் கையுறை ஒரே வார இறுதியில் உள்ளங்கையில் ஓட்டையாகிவிடும். தோல் கையுறைதான் போட வேண்டும் என்று இயந்திரம் ஓட்டிய கிழவர் எங்களைக் காணும்போதெல்லாம் சொன்னார். அப்பாதான் வேறு வழி கண்டார். அவர் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே கத்தி பட்டாலும் வெட்டாதபடி உருக்கு நூல் சேர்த்துப் பின்னி, உள்ளங்கையில் செம்மஞ்சள் ரப்பர் பூசிய கையுறைகள் கொடுப்பார்கள். பெண் தொழிலாளர்களுக்கான சிறிய அளவில் இரண்டு சோடி கொண்டுவந்து எனக்கும் அண்ணன் சுதனுக்கும் தந்தார். "இதைக் கிழிக்கிறதுக்கு இனி ஒரு பாம்பு பிறந்துதான் வரவேணும்" என்றார். கட்டடம் முழுவதும் எங்களைப் பொறாமையோடு பார்த்தது.

அப்பா சொன்னது சரி. அது கிழியவில்லை.

மணிக்கட்டில் நாடா தைத்தது அம்மா. அந்தக் குளிர்காலத்தில் அண்ணன் ஏற்கெனவே மூன்று சோடி தொலைத்திருந்தான். ஆகவே ஒவ்வொரு கையுறையிலும் சப்பாத்து நாடாவைத் தைத்து, வாசலில் வைத்து எங்கள் மணிக்கட்டுகளில் இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்குவார். அந்த ஞாயிறும் அப்படித்தான். "இதையும் துலைச்சுப்போட்டு வந்தியெண்டால் கையை முறிச்சு அடுப்புக்கை வைப்பன், பாத்துக்கொள்" என்றார். எங்கள் வீட்டில், எங்கள் கட்டடத்தில், அது சாதாரணப் பேச்சு. காலை உடைப்பேன், தோலை உரிப்பேன், வாயைக் கிழிப்பேன் என்று ஒரு நாளைக்குப் பலமுறை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அண்ணன் "ஓம் ஓம்" என்றபடி படியில் இறங்கி ஓடினான்.

ஓடும் கயிறு தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு ஓடும். கையுறையின் பின்னலில் தளர்ந்திருந்த ஒரு நூலை அந்த முறுக்கு உள்ளே இழுத்திருக்கிறது. கம்பளியென்றால் அறுந்திருக்கும். தோலென்றால் கை வழுகி வெளியே வந்திருக்கும். இந்தக் கையுறை அறவுமில்லை, இரட்டை முடிச்சு கையை விடவுமில்லை. சில்லுக்கு முன்னால் ஒரு தடை இருந்தது, அதில் ஆள் முட்டினால் இயந்திரம் தானாக நின்றுவிடும். முதல் நாள் பெய்த உறைமழையில் அது பனிக்கட்டியாக இறுகியிருந்தது, அண்ணன் முட்டியும் இயந்திரம் நிற்கவில்லை. கிழவர் கொட்டகைக்குள்ளிருந்து பாய்ந்து வந்து இயந்திரத்தை நிறுத்தியபோது, அண்ணனின் வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் மிஞ்சியிருந்தன. அவர் தன் பெல்ற்றைக் கழற்றி அண்ணனின் முழங்கைக்குக் கீழே கட்டினார். அண்ணன் அழவில்லை. நான் மேலே ஓடிவந்ததைக் கண்டதும், "கையுறை எங்கை? அம்மா கேப்பா" என்றான்.

மலை அன்றே மூடப்பட்டது.

அதற்குப் பிறகுதான் அடி தொடங்கியது. மலை இல்லாத குளிர்காலத்தில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளுக்குப் போக இடமிருக்கவில்லை. அதற்குக் காரணமானவன் ஒரு கைக் கட்டோடு பள்ளிக்கூடம் போய்வந்தான். வெள்ளைக்காரப் பெடியன்கள் பனிக்கட்டி உருண்டைகளால் எறிந்தார்கள், எங்கள் பெடியன்கள் கிட்ட வந்தே அடித்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு கூட்டமும் முதன்முறையாக ஒத்துப்போயின. பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஜெகன் ஹொக்கித் தடியோடு நின்றான். "உன்ரை மூண்டு விரலுக்கு எங்கடை மலையோடா?" என்று கேட்டு, கட்டுப் போட்ட கையிலேயே அடித்தான். தையல் பிரிந்தது. அன்று மாலை உடுப்புத் தோய்க்கும் அறையில் அப்பா ஜெகனின் தகப்பனைக் கன்னத்தில் அறைந்தார். ஜெகனின் தகப்பன் அப்பாவின் தலையைத் தோய்க்கும் மெஷினின் கதவில் மோதினார். அந்தக் கதவு அதன் பிறகு ஒருபோதும் சரியாகப் பூட்டவில்லை.

மறு இலையுதிர் காலத்தில் மலையைத் திரும்பத் திறக்க முதல் முயற்சி நடந்தது. புதுக் கயிறு போட்டார்கள், தடையை மாற்றினார்கள். ஒரு சனிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். கோப்பியும் டோனற்றும் வைத்திருந்தார்கள். ஜெகனின் தகப்பன் உட்பட எங்கள் கட்டடத்தில் பாதிப்பேர் போயிருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அவருடைய ஜக்கெற்றுக்குள் அப்பாவின் தொழிற்சாலைக் கத்தி இருந்தது எனக்குத் தெரியாது. கயிறு இறுகி நின்றபோது அவர் நேரே கயிற்றுக் கம்பத்தடிக்குப் போய் அதை அறுக்கத் தொடங்கினார். இரண்டு ஆண்கள் பிடித்து இழுத்தும் கத்தியை விடவில்லை. கடைசி இழை அறுந்ததும் கயிறு சுழன்று வந்து அவர் முகத்தில் அடித்தது. இடது கன்னத்தில் காதிலிருந்து வாய்வரை தோல் பிளந்தது. கீழே விழுந்தவர் எழுந்து, அறுந்த நுனியைத் திரும்பவும் வெட்டினார்.

அதோடு அந்த முயற்சி முடிந்தது. கிழவர் இறந்தார், நடத்தியவர்கள் கலைந்தார்கள், பள்ளத்தாக்கு முழுவதும் தேசியப் பூங்காவுக்குள் போயிற்று. சரிவில் முட்பற்றை வளர்ந்தது. அம்மா ஒன்றை மட்டும் விடவில்லை. உறவினர் வீடோ கோயிலோ, எங்கே சின்னப்பிள்ளையின் கையுறையில் நாடாவைக் கண்டாலும் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிடுவார். தாய்மார் சிலர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். கன்னத்துத் தழும்பைக் கண்டதும் திரும்பிப் போய்விடுவார்கள். கையை முறிப்பேன், காலை உடைப்பேன் என்ற பேச்சு அவர் வாயிலிருந்து பிறகு வந்ததேயில்லை.

இரண்டாவது முயற்சி சென்ற ஆண்டு, அந்த மலையடியில் வளர்ந்து இப்போது மார்க்கம், ஏஜக்ஸ் நகரங்களில் வீடு வாங்கியிருப்பவர்களால் தொடங்கியது. நூலகத்தின் கூட்ட அறையில் நடந்த முதல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவன் ஜெகன். பல்லைச் சரிசெய்திருந்தான், வயிறும் வைத்திருந்தான். அண்ணன் கடைசி வரிசையில் இருந்தான், நான் பக்கத்தில். பூங்கா நிர்வாகத்துக்கு எப்படி எழுதுவது, பற்றையை யார் வெட்டுவது என்று பேசிவந்த ஜெகன், ஏன் மூடினார்கள் என்று ஒரு இளம் தாய் கேட்டதும், "அது ஒரு சின்ன அக்சிடென்ற் தங்கச்சி, பெரிசா ஒண்டுமில்லை" என்றான்.

பேச அனுமதி கேட்டு அண்ணன் கையை உயர்த்தினான். வலது கையை.

"சுதன்," என்றான் ஜெகன். "நீ வருவாய் எண்டு நான் நினைக்கேல்லை."

"அண்டைக்கு ஹொக்கித் தடியோடை நிண்டாய். இண்டைக்கு மைக்கோடை நிக்கிறாய். முன்னேற்றம்தான்."

சிலர் சிரித்தார்கள். ஜெகன் சிரிக்கவில்லை.

"மலை திறக்க வேணும்," என்றான் அண்ணன். "இருபத்தைஞ்சு வருசமா எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், மலையை மூடப்பண்ணின பெடியன் இவன்தான் எண்டு ஆரோ காட்டிக் குடுக்கினம். பூட்டிக் கிடக்கும் வரைக்கும் அதை மூடினவன் நான். என்ன வேலை எண்டாலும் சொல்லுங்கோ, செய்யுறன்."

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த அகப்பையால் அண்ணனின் தோளில் அடித்தார், பிறகு முதுகில், பிறகு தலையில். அகப்பைக் காம்பு முறிந்தது. அண்ணனின் மகள் லயா, ஆறு வயது, மேசையடியில் நின்று பார்த்தாள். "அடிச்சு முடியுங்கோ அம்மா," என்றான் அண்ணன். "முடிஞ்சா ஒருக்கா வந்து பாருங்கோ." அம்மா முறிந்த காம்பைக் குப்பையில் போட்டுவிட்டு அறைக்குள் போனார்.

பூங்காவின் பதில் கோடை முடிவில் வந்தது. சரிவைத் திறக்கலாம். பிள்ளைகள் ஏறிப்போய்ச் சறுக்கலாம். கயிறு கூடாது, இயந்திரம் கூடாது. பழைய சில்லையும் அகற்ற வேண்டும். "உவன்ரை கையாலைதான் கயிறும் இல்லாமப் போச்சு" என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அண்ணனுக்கும் கேட்டது.

பற்றை வெட்டும் நாளில் சில்லு அச்சோடு துருப்பிடித்து இறுகியிருந்தது. ஜெகன் பெரிய சம்மட்டியைக் கொண்டுவந்து அண்ணனிடம் நீட்டினான். "உன்ரை சில்லு. முதல் அடி நீ போடு." அண்ணன் இரண்டு விரலாலும் மற்றக் கையாலும் அதைப் பிடித்து அடித்தான். முதல் அடியில் கைப்பிடி வழுகிச் சம்மட்டி ஜெகனின் காலடியில் விழுந்தது. "இன்னும் கோவம் போகேல்லைப் போல," என்றான் ஜெகன், விலகாமல் நின்று. அண்ணன் திரும்பவும் அடித்தான். ஆட்கள் போதும் என்ற பிறகும் அடித்தான். இரும்பு பிளந்து உருண்டு சரிவில் ஓடியது. அவனுடைய உள்ளங்கை கிழிந்திருந்தது. ஜெகன் தன் கழுத்துத் துணியால் அதைச் சுற்றிக் கட்டினான்.

இப்போது அங்கே கொட்டகை இல்லை, கயிற்றுக் கம்பங்கள் இல்லை. அப்பா வேலை செய்த தொழிற்சாலை நின்ற இடத்தில் கொண்டோ அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அப்பாவும் இல்லை. இந்தக் குளிர்காலத்தின் முதல் நல்ல பனிக்கு அடுத்த சனிக்கிழமை சரிவு திறந்தது. இயந்திரச் சத்தம் இல்லாததால் பிள்ளைகள் கத்துவது தெருவரை கேட்டது. அம்மா வந்திருந்தார். காரிலிருந்து இறங்கியதும் லயாவின் கைகளைப் பிடித்துப் பார்த்தார். அண்ணனின் மனைவி வாங்கிக் கொடுத்த புதுக் கையுறைகளை ஒரு நீலக் கயிறு ஜக்கெற்றின் கைகளுக்குள்ளால் இணைத்திருந்தது. அம்மா கத்தரிக்கோலை எடுத்து இரண்டு பக்கமும் வெட்டினார்.

"துலைச்சால் என்ன செய்யிறது?" என்று லயா கேட்டாள்.

"துலைச்சுப்போட்டு வா," என்றார் அம்மா.

அண்ணன் பிளாஸ்ரிக் சறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினான், லயா பின்னால் ஏறினாள். இரண்டாவது முறை அவள் கீழே வந்து சேர்ந்தபோது வலது கையுறை இல்லை. ஐந்து விரல்களும் குளிரில் சிவந்திருந்தன.