பெயர் சொல்லும் வேலை

என் மகளுக்கு மூன்று வயது. அவள் அப்பாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான், வேறு யாரைக் குறை சொல்ல? திருத்த வேண்டுமா, தானாக மாறிவிடுமா என்று தெரியாமல், குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்களையெல்லாம் கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். ஒருவர் இப்போதே திருத்து என்கிறார், இன்னொருவர் விட்டுவிடு என்கிறார். மாமியார் ஒன்றும் சொல்வதில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு அதிகக் கவலை. என் கணவரோ, மகள் கூப்பிட்டதும் "சொல்லுங்க மேடம்" என்று எழுந்து ஓடுகிறார்.

அவர் அப்படி ஓடும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம் வரும்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் சிமெண்ட் கடை வைத்திருந்தார். அவர் பெயர் அண்ணாமலை. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு அண்ணாமலை இருப்பார்கள், அதில் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் பெரியம்மா புருஷன் பெயரைச் சொல்லாதவர். அவர் வயதுப் பெண்கள் பலருக்கும் இருந்த வழக்கம்தான். மற்றவர்கள் ஒரு பெயரை விட்டால் போதும். பெரியம்மாவுக்கு ஊர், மலை, சாமி எல்லாம் அந்த ஒரு பெயரோடு சேர்ந்து போயின.

ஊரை 'நம்ம ஊரு' என்பார். மலை வெறும் மலை. வேலூரில் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் "கோயிலுக்கு ஒண்ணு" என்று காசை நீட்டுவார். சாமிக்கு அருணாசலம் என்று இன்னொரு பெயரும் இருந்ததால் பிழைத்தார். தீபத்தன்று ஊரே கையைத் தூக்கி "அண்ணாமலையானுக்கு" என்று தொடங்கும்போது வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டு, 'அரோகரா'வுக்கு மட்டும் சேர்ந்துகொள்வார். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 'இன்னாரோட அப்பா' என்று கூப்பிட ஒரு வழி உண்டு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் வீட்டுக்குள் பெரியப்பாவின் பெயர் 'என்னாங்க', இல்லாவிட்டால் 'இந்தாங்க'.

பேங்க், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி என்று பெயர் கேட்கும் இடங்களுக்கெல்லாம் பெரியம்மா பக்கத்து வீட்டிலிருந்த என்னைக் கூட்டிக்கொண்டு போவார். "கணவர் பேரும்மா?" என்பார்கள். என் முதுகில் ஒரு விரல் குத்தும். நான் சொல்வேன். திரும்பி வரும்போது கடலை மிட்டாய் கிடைக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அந்த வருஷம் ஜாஸ்தி மூட்டை விற்கும் டீலர்களைக் குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் கூட்டிப்போவதாகச் சிமெண்ட் கம்பெனி சொல்லியது. கடலை மெரினாவில் கணுக்கால் அளவுக்கு மட்டுமே அறிந்த பெரியப்பாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் போயிற்று. மேஸ்திரிகளைத் தேடிப் பைக்கில் ஊர் ஊராக அலைந்தார். அஸ்திவாரம் தோண்டிக் கிடந்த எந்த மனையையும் விடவில்லை. கடைசியில் கப்பல் கிடைத்தது. பெரியவர்கள் இருவர், குழந்தை ஒன்று. அந்தக் குழந்தையாக என்னைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாசம்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவுக்கு விஷயம் தெரியும்.

"பெரிம்மாவ உட்டு நவுராத. யாருனா பேரு கேட்டா சட்டுனு சொல்லு. பெரிப்பா மேலயும் ஒரு கண்ணு வெச்சிக்கோ, கூட்டத்துல எங்கனா போயிடுவாரு" என்று தலை பின்னும்போதே பாடம் நடத்தினார். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிற பிள்ளை நான். அதை ஒரு குறையாக அப்போது யாரும் நினைக்கவில்லை.

வேனில் எங்களோடு செங்கத்து டீலரும் அவர் மனைவியும் வந்தார்கள்.

"கப்பலு எந்த ஊருக்குப் போவுது?" என்று பெரியம்மா அவரைக் கேட்டார்.

"எந்த ஊருக்கும் போவல அண்ணி. கடல்ல ஒரு சுத்து சுத்திட்டு, ஏத்துன எடத்துலயே எறக்கி உட்டுடுவான்."

பெரியம்மா யோசித்தார். "கிரிவலம் மாதிரியா?"

"அதேதான். நடக்க வேணாம், அவ்ளோதான் வித்தியாசம்."

"அப்ப பௌர்ணமியா பாத்து வெச்சிருக்கலாமில்ல?" என்றார் பெரியம்மா.

சென்னைத் துறைமுகத்தில் கப்பலைக் காணோம். பெரிய கொட்டகை ஒன்றுதான் இருந்தது. முதலில் அதற்குள் போய்ப் பெயரைப் பதிய வேண்டும், பிறகு பஸ்ஸில் கப்பலுக்கு அழைத்துப் போவார்கள். வாசலிலேயே கம்பெனிக்காரர்கள் டீலர்கள் அத்தனை பேருக்கும் மஞ்சள் டீ ஷர்ட்டும் மஞ்சள் தொப்பியும் கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போட்டறியாத பெரியப்பா, டீ ஷர்ட்டும் வேட்டியுமாக வெளியே வந்தார். "மஞ்ச தடவுன மாதிரி இருக்கீங்க" என்று பெரியம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். டீ ஷர்ட்டில் பாக்கெட் இல்லை. அதனால் செல்போன், பர்ஸ், கண்ணாடி எல்லாம் பெரியம்மாவின் கைப்பைக்குள் போயின.

பதிவு செய்யும் இடத்தில் வடக்கத்திப் பையன் ஒருவன் இருந்தான். தமிழ் கொஞ்சம் வந்தது.

"அம்மா, எந்த ஊர்?"

என் கவனம் அப்போது கம்ப்யூட்டருக்கு மேலிருந்த சின்னக் கேமராவில் இருந்தது. பெரியம்மாவின் விரல் குத்தியது எனக்கு உறைக்கவில்லை. அவர் தானே சமாளிக்கப் பார்த்தார். "அருணாசலம்" என்றார்.

"அருணாச்சல்?" பையன் கண்ணை விரித்தான். "அவ்ளோ தூரமா?"

"ஆமாம்பா, தூரம்தான். விடியறதுக்கு முன்னாடியே வேன் ஏறிட்டோம்."

அவன் பரிதாபப்பட்டு நாற்காலி போடச் சொன்னான். நான் பதறிப்போய் ஊரின் பெயரைச் சொன்னேன், கேட்காமலே பெரியப்பாவின் பெயரையும் சொன்னேன். எங்களைப் படம் பிடித்து, ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அதைக் காட்டினால்தான் கப்பலில் விடுவார்களாம். மூன்றையும் பெரியம்மா கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

அடுத்தது பைகளைச் சோதிக்கும் இடம். அங்கே பெரியம்மா கட்டி எடுத்து வந்த புளிச்சோற்றுத் தூக்குவாளி மாட்டிக்கொண்டது.

"உள்ள சாப்பாடு நெறைய குடுப்பாங்கம்மா. வெளி சாப்பாடு எடுத்துனு போவக் கூடாது" என்றார் காவலுக்கு நின்ற பெண்.

"அவங்க சாப்பாட்ட நம்பியா கெளம்பி வந்தோம்?" என்றார் பெரியம்மா.

"உடு. வேன் டிரைவருக்குக் குடுத்துட்டு வந்துடறேன்" என்று பெரியப்பா தூக்கை வாங்கிக்கொண்டு வந்த வழியே போனார். போனவர் வரவில்லை.

பஸ்கள் ஒவ்வொன்றாக நிரம்பிப் போயின. கடைசியில் இரண்டுதான் மிச்சம். "இதோட கேட்ட மூடிடுவோம், வராதவங்க நின்னுட வேண்டியதுதான்" என்று ஒருவர் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். கொட்டகையில் இன்னும் நூறு பேருக்கு மேல் இருந்திருப்பார்கள். பார்த்த இடமெல்லாம் மஞ்சள் முதுகு, மஞ்சள் தொப்பி. பெரியப்பாவின் செல்போன் எங்கள் பையில், அவர் அட்டையும் எங்கள் பையில். ஒரு வருஷமாக வெயிலில் அலைந்து சம்பாதித்த கப்பல், ஒரு தூக்குச் சோற்றுக்காகப் போய்விடும் போலிருந்தது.

"பெரிப்பா!" என்று கத்தினேன். ஏழெட்டுப் பேர் திரும்பினார்கள். அந்த வயதில் எல்லோருமே யாருக்கோ பெரியப்பாதான். ஒருவர் பக்கத்தில் வந்து, "இன்னா பாப்பா, தொலஞ்சி போயிட்டியா?" என்று என் கையைப் பிடித்தார். தொலைந்தது நானில்லை என்று அவருக்கு விளக்குவதற்குள் ஒரு பஸ் கிளம்பிவிட்டது.

"என்னாங்க!" என்று பெரியம்மா குரல் கொடுத்தார். பாதிக் கொட்டகை திரும்பியது. "இந்தாங்க!" என்றார். மீதிப் பாதி திரும்பியது. பெரியப்பா மட்டும் திரும்பவில்லை.

கம்பெனி ஆபீசர் என்னிடம் பெயர் கேட்டு, ஓடிப்போய் மைக்கில் சொல்லச் சொன்னார். மைக்கில் இருந்த பெண், "மிஸ்டர் அன்னாமாலாய்" என்றாள். அப்படி ஒருவர் எங்கள் மாவட்டத்திலேயே கிடையாது.

பெரியம்மா என் தோளைப் பிடித்தார். "நீ பேரு சொல்லிக் கூப்புடு கண்ணு."

"பெரிப்பாவயா? பெரியவங்கள பேரு சொல்லிக் கூப்புட்டா தப்புனு நீங்கதான சொன்னீங்க?"

"தப்புதான்" என்றார் பெரியம்மா.

கடைசி பஸ் ஹாரன் அடித்தது. பெரியம்மா கைப்பையை என்னிடம் கொடுத்தார். கண்ணை மூடினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார். சாமி கும்பிடுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு, அவரிடமிருந்து நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், கொட்டகைத் தகரம் அதிரக் கூப்பிட்டார்.

"அண்ணாமலை...!"

"அரோகரா!" என்றது கொட்டகை.

திருவண்ணாமலை, செங்கம், போளூர், ஆரணி டீலர்கள் ஒருவர் பாக்கியில்லை. மிச்சமிருந்த மஞ்சள் டீ ஷர்ட்டுகளெல்லாம் கையை மேலே தூக்கி நின்றன. வடக்கத்திப் பையன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். காவலுக்கு நின்ற இருவர் என்ன கலாட்டாவோ என்று ஓடி வந்தார்கள். தூரத்தில், சுமை தூக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்த மூலையில், கூப்பிய கைகளில் தூக்கு தொங்க, மற்றவர்களைப் போலவே கண்ணை மூடி "அரோகரா" சொல்லிக்கொண்டிருந்தார் பெரியப்பா.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வாசலில் வெளியே விடவில்லையாம். வீணாக்க மனசில்லாமல் அந்த ஆட்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாராம்.

"வாங்க பெரிப்பா, பஸ்ஸு போவப் போவுது. எவ்ளோ நேரமா கூப்புடறோம்!"

"இரு பாப்பா, யாரோ சாமிய கூப்புட்டாங்க, பாதில ஓடக் கூடாது."

அவரை இழுத்துக்கொண்டே ஓடினேன். "சாமிய கூப்புடல, உங்களத்தான் கூப்ட்டாங்க. பெரிம்மா."

ஓடிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். "அவளா?"

"ஆமா."

"பேரு சொல்லியா?"

"ஆமா, வாங்க!"

"நான் சாமின்னு நெனச்சிட்டனே" என்றார். சொல்லும்போது எதையோ தவறவிட்டவர் போலத் தரையைப் பார்த்தார். தூக்கைத்தான் தேடுகிறாரோ என்று, அதை அங்கேயே விட்டுவிட்டு வந்ததை ஞாபகப்படுத்தினேன்.

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்ல நேரத்துல சாமிய கூப்ட்டீங்க அண்ணி, மனுஷனும் வந்து சேந்துட்டாரு" என்றார் செங்கத்து டீலர்.

"கூப்ட்டா வர்ற சாமிதான்" என்றார் பெரியம்மா, ஜன்னலுக்கு வெளியே.

அவர் காது சிவந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

கப்பல், பௌர்ணமிக்கு நிரம்புகிற லாட்ஜுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தது போல இருந்தது. ஏறும் பாலத்தின் முடிவில் கம்பளத்தைப் பார்த்ததும் பெரியம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளே நுழைந்ததும் பெரியப்பா என்னிடம் குனிந்து, "எப்படிக் கூப்ட்டா? சொல்லிக் காட்டு" என்று மெல்லக் கேட்டார். அதை நான் எப்படிச் சொல்லிக் காட்ட முடியும்? "சாமிய கூப்புடற மாதிரியேதான்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை அதிகமாயிற்று. கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு வந்து சேர்கிற பெரியப்பா, கப்பலில் ஏறியதிலிருந்து தொலைந்துகொண்டே இருந்தார். லிஃப்ட் பக்கம் திரும்பினோம், ஆளைக் காணோம். ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். இழுத்து வந்தேன். ஆபத்து வந்தால் போட்டுக்கொள்ளும் மிதவைச் சட்டையை எப்படி மாட்டுவது என்று காட்டினார்கள், மறுபடியும் காணோம். திரைச்சீலைக்குக் கீழே வேட்டி தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் பெரியம்மா நின்று, சுற்றிலும் பார்த்து, உதட்டை ஈரப்படுத்திக்கொள்வார். அதற்குள் நான் கண்டுபிடித்துவிடுவேன். பெரியம்மாவை மறுபடியும் அந்தச் சங்கடத்தில் விடக் கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன்.

மேல்தளத்துக்குப் போனதும் பெரியப்பா எனக்கு ஒரு கிண்ணம் நிறைய ஐஸ்கிரீம் வாங்கி வந்தார்.

"இங்கியே குந்திக்கினு பொறுமையா சாப்புடு பாப்பா. அவசரமே இல்ல. எங்கயும் எந்திரிச்சிப் போவாத" என்று இரண்டு தடவை சொன்னார்.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் அவர் இல்லை. பெரியம்மா மட்டும் கம்பியோரம் தனியாக நின்றுகொண்டிருந்தார். கைப்பையை நாற்காலியில் வைத்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். யாரும் பக்கத்தில் இல்லை. மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

ஐஸ்கிரீமைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுக்கிவைத்திருந்த நாற்காலிகளுக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார் பெரியப்பா. அவர் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "பெரிம்மா! இங்க இருக்காரு! கண்டுபுடிச்சிட்டேன்!" என்று தளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

பெரியப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முகம் அப்படியே வாடிப்போயிற்று. கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, வாந்தி வந்தால் முகர்ந்து பார்க்க அம்மா கொடுத்தனுப்பியிருந்த எலுமிச்சம்பழத்தைக் கவுன் பையிலிருந்து எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். அவரும் முகர்ந்து பார்த்தார். கப்பல் அப்போது இன்னும் கிளம்பியிருக்கவே இல்லை.