நாங்களே வழிவிட்ட மறியல்

ஓய்வூதிய உயர்வு கேட்டு மறியல் என்று சொன்னபோது, வரவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார் என் டிரைவர். என் டிரைவர் என்றால், நான் கண்டக்டராக இருந்த காலத்தில் பாதிக்கு மேல் என்னோடு வண்டி ஓட்டியவர். எனக்கு அவர் அண்ணன். இப்போது இரண்டு பேருமே ரிட்டையர்டு.

"போனா மட்டும் குடுத்துடப் போறானுங்களா? உனக்கு வேற வேல இல்ல" என்றார், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். சொல்லிக்கொண்டே சர்க்கரை மாத்திரையை இரண்டாக உடைத்து, பாதியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இன்னாண்ணே இது?"

"பாதி போதும்பா. மீதி நாளைக்கு ஆவும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அரிசி விலை ஏறுகிறது, மாத்திரை விலை ஏறுகிறது, எங்கள் அகவிலைப்படி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கேட்டால் ஃபைல், கோர்ட்டு, மேலிடம். அதற்காக இந்த மனுஷன் பாதி மாத்திரையில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டுமா? பேசாமல் கையைப் பிடித்து இழுத்து விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினேன்.

டிப்போ வாசலை அடைத்து உட்கார்ந்தோம். அத்தனை பேரும் பழைய டிரைவர், கண்டக்டர்கள். பெரிய அதிகாரி மாடியிலிருந்து இறங்கி வந்து பேசும்வரை ஒரு வண்டியும் வெளியே போகக் கூடாது. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. போலீஸ்காரர்கள்கூட ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள்.

அப்போது ரோட்டிலிருந்து ஒரு பஸ் ரிவர்ஸில் வாசலை நோக்கி வந்தது. பின்னால் கைகாட்ட ஆள் இல்லை. ஒரு பக்கம் கேட்டுத் தூண், இன்னொரு பக்கம் ரோட்டில் வந்துகொண்டிருந்த லாரி. ஐயோ, உரசிவிடுவானே! எப்படி எழுந்தேன் என்றே தெரியாது, வண்டியின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன். "வா, வா, வா… லெப்ட்டு ஒடி… எடம் இருக்குது, வா!" ஒருவர் ஓடிப் போய் லாரியை நிறுத்தினார். மற்றவர்கள் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். பஸ் ஒரு கீறல் இல்லாமல் உள்ளே போனது. அது போன சந்தில், உள்ளே காத்துக்கொண்டிருந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே பறந்துவிட்டன.

"மறியலுக்கு வந்தீங்களா, டூட்டிக்கு வந்தீங்களா?" என்று சிரித்தார் ஒரு போலீஸ்காரர்.

தலையில் அடித்துக்கொண்டேன். நாங்களும் எங்கள் மறியலும்! ஆளாளுக்குத் துண்டை உதறிக் கிளம்பப் பார்த்தார்கள்.

வரமாட்டேன் என்ற அண்ணன்தான் கிளம்பவில்லை. "வுடுப்பா. பஸ்ஸு மேல நமக்கு இன்னா கோவம்? போறவங்க போவட்டும்" என்று சொல்லி, பக்கத்துச் சின்ன கேட்டுக்கு நடந்தார். அதிகாரியின் கார் அந்த வழியாகத்தான் சாப்பாட்டுக்குப் போகும். நாங்களும் பின்னால் போனோம்.

கார் வந்தது. ஹாரன் அடித்தது. இந்தத் தடவை ஒருவரும் அசையவில்லை.

அதிகாரி கண்ணாடியை இறக்கினார். "வயசான காலத்துல எதுக்குங்க வெயில்ல நிக்கறீங்க? அடுத்த மாசம் நல்ல சேதி வரும். வீட்டுக்குப் போங்க."

"போன வருஷமும் இதாங்க சார் சொன்னீங்க" என்றார் அண்ணன். "அன்னிக்கு என் பக்கத்துல நின்னவன் இன்னிக்கு உயிரோட இல்ல. நாங்க ஒவ்வொருத்தரா சாவட்டும்னு பாத்துக்கினு இருக்கீங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி காரை விட்டு இறங்கி, "சரி, மேல பேசறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கப் பார்த்தார்.

அண்ணன் வழியை விடவில்லை.

"இங்கயே பேசுங்க சார். ஸ்பீக்கர்ல போடுங்க. எங்க காதுலயும் வுழட்டும்."