வெட்டிய எஞ்சினோடு கடலுக்குப் போனவர்

எங்கள் அண்ணை பருத்தித்துறைக் கரையில் பிறந்தவர். கடலோடிக் குடும்பம்தான். ஆனால் வள்ளத்தில் ஏறினால் அவருக்குத் தலைசுற்றும், குடித்த தண்ணியும் சத்தியாய் வெளியே வரும். "உவனைக் கரையிலை விட்டிட்டு வாங்கோ, மீனெல்லாம் ஓடிடும்" என்று சித்தப்பா பகிடி பண்ணுவார். கரையில் நின்றவர் எஞ்சின் வேலை பழகி, அச்சுவேலியில் சின்னப் பட்டறை ஒன்று போட்டார்.

வள்ளத்து எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, அடியை வெட்டிச் சீவி, மண்ணெண்ணெய் எரிகிற அறையைச் சிறிதாக்குவதில்தான் அவருக்குப் பேர். அறை சிறுத்தால் இழுவை கூடும், வள்ளம் வேகமாய் ஓடும். அளவு தப்பினால் சூடேறிப் பிஸ்டன் பொத்துப்போகும்.

கடலுக்குப் போகிற என் கணவருக்கு வேகம் பிடிக்கும். "மச்சான், இன்னும் கொஞ்சம் வெட்டுங்கோ" என்று நின்றார். அண்ணையும் மறுக்க மனமில்லாமல் வெட்டிக்கொடுத்தார். நடுக்கடலில் எஞ்சின் நின்றது. அடுத்தநாள் மத்தியானம் வேறொரு வள்ளம்தான் இவரை இழுத்துவந்தது.

"இனி எங்கடை எஞ்சினைத் தொடாதேங்கோ அண்ணை" என்றேன்.

"சரி பிள்ளை" என்றார்.

அதன்பிறகு ஆருடைய ஹெட்டை வெட்டினாலும் முதல் ஓட்டத்துக்குத் தானே வள்ளத்தில் ஏறினார். போகவும் சத்தி, வரவும் சத்தி. "எஞ்சின் நல்லாத்தான் ஓடுது, நீங்கள்தான் நிண்டிட்டியள் அண்ணை" என்று வள்ளக்காரர் சிரிப்பார்கள். அண்ணையும் வாயைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். அவர் ஏறிப் பார்த்த எஞ்சின் ஒன்றும் கடலில் நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

எங்கள் எஞ்சினை மட்டும் ஏழெட்டு வருடமாகத் தொடவில்லை. கடைசியில் அது இழுவையில்லாமல் போக, நானே ஹெட்டை உரப்பையில் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, "வெட்டுங்கோ" என்றேன். அவருக்கு அப்போதே நெஞ்சு வருத்தம், மருந்தோடுதான் இருந்தார்.

"உண்மையாத்தான் சொல்லுறியோ பிள்ளை?"

"ஓம் அண்ணை. ஆனால் நீங்கள் ஏறக்கூடாது."

"ஏறாமல் வெட்டமாட்டன்."

வெட்டினார், ஏறினார். வெளுத்த முகத்தோடு திரும்பி வந்து, "இனிப் பயமில்லை" என்று இவரிடமல்ல, என்னிடம் சொன்னார். இரண்டு மாதத்தில் கண்ணை மூடினார்.

ஆஸ்பத்திரியில் மாறிமாறி நின்று பார்த்த மருமக்களுக்கும், அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு தந்த அயலவருக்கும், செத்தவீட்டன்று தொழிலுக்குப் போகாமல் கூடநின்ற வள்ளக்காரருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டுள்ளோம்.

இதை எழுதுகிற இந்நேரம் இவர் அந்த எஞ்சினோடுதான் கடலுக்குப் போயிருக்கிறார். நான் இவர் வரும் நேரத்துக்கு உலை வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சி