என் வீட்டுச் சோதனைக்குச் சாட்சி தேடிய நாள்

எங்கள் தெருவுக்குள் போலீஸ் ஜீப் நுழைந்தால் முதலில் கேட்பது கதவு சாத்துகிற சத்தம்தான். பட்டாசு ஊர். பகலில் வேன் ஏறி லைசென்ஸ் உள்ள கம்பெனிக்குப் போகிறவர்களும், சாயங்காலம் வீட்டுக்கு வந்து யாருக்கோ திருட்டுத்தனமாகத் திரி கட்டிக் கொடுக்கிறவர்களும் ஒரே ஆட்கள்தான். வீட்டில் திரி வைத்திருப்பது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். குழம்பு கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் அதை வைத்திருக்கிறோமே என்பது மட்டும் யாருக்கும் உறைக்காது.

என் வீட்டில் அந்த வேலை கிடையாது. நான் நாரணாபுரம் பக்கம் ஒரு கம்பெனியில் பாக்கிங் செய்கிறவள். வெடிமருந்து என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவள். வீட்டு வாசலைத் தாண்டி ஒரு துளி மருந்து வரக்கூடாது என்று என் வீட்டுக்காரரோடு சண்டை போட்டு ஜெயித்திருந்தேன். வாய்க்காரி என்ற பெயர் எனக்கு வந்ததே அந்தச் சண்டையில்தான். அதனால் போலீஸ் வரும் என்று தெரிந்தபோதும் எனக்குப் பயம் வரவில்லை. வரட்டும், பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

போலீஸ் வருவதற்குக் காரணம் இருந்தது. ஊருக்கு வெளியே சோளக்காட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. லைசென்ஸ் இல்லாமல் பேன்சி வெடி செய்துகொண்டிருந்த இடம். தீபாவளி சீசன் நெருங்கும் நேரத்தில் அது வெடித்தது. உள்ளே வேலை பார்த்த இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். ஒருத்தி என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுப் பெண். பிளஸ் டூ முடித்துவிட்டு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைக்கக் காத்திருந்தவள், சும்மா இருப்பானேன் என்று போனாள்.

என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை. லோடு ஏற்றி இறக்குகிற வேலை என்று என்னிடம் சொல்லியிருந்தார். இரண்டு உள்ளங்கையும் வெந்து, புகை போய்த் தொண்டை புண்ணாகி, மதுரை பெரியாஸ்பத்திரியில் வாயில் குழாயோடு கிடந்தார். பேச்சு இல்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றப் போய்த்தான் கை வெந்தது என்று ஊரே சொன்னது. நானும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அழுதேன். அழுகையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகு கொட்டகைக்குச் சொந்தக்காரன் பிடிபட்டான். "இடம்தான் என்னோடது, எடுத்து நடத்துனது அவருதான்" என்று என் வீட்டுக்காரரைக் கை காட்டிவிட்டான். வாய் பேச முடியாதவன் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம். அவன் குடும்பத்தை நான் சபிக்காத நாள் இல்லை.

அதைவிட மோசமான ஒன்றும் காதுக்கு வந்தது. இடிந்து கிடந்த கொட்டகையில் கதவும் நிலையும் ஒன்றாகவே விழுந்து கிடந்தனவாம். கதவில் பூட்டு தொங்கியதாம், பூட்டியபடியே. லைசென்ஸ் இல்லாத இடங்களில் இது ஒரு வழக்கம். ஆட்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவார்கள். அதிகாரிகள் யாராவது அந்தப் பக்கம் வந்தால், ஆளில்லாத கொட்டகை என்று நினைத்துப் போய்விடுவார்கள். சாப்பாட்டு நேரத்துக்குத் திறந்து விடுவார்கள். பூட்டியவன் எவனோ அவன்தான் நடத்தியவன் என்று போலீஸ் முடிவு கட்டியிருந்தது. செத்துப்போன மூன்றாவது வீட்டுப் பெண்ணின் அம்மாவிடம் மட்டும் இந்தப் பூட்டு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

என் பெரியம்மா மகன் விருதுநகரில் வக்கீல் குமாஸ்தா. அவன் போனில் விவரமாகச் சொன்னான். "சோதனைக்கு வருவாக அக்கா. தடுக்காத. வீட்டுக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடி அவுக கையில பையில என்ன இருக்குன்னு காட்டச் சொல்லு. கூடவே நில்லு, ஒரு ரூமையும் விடாத. தெருவுல உள்ள பொதுவான ஆளு ரெண்டு பேரு சாட்சிக்கு நிக்கணும், அது சட்டம். இப்ப வீடியோவும் எடுக்கணும். எதையாவது கொண்டுவந்து போட்டுட்டு உங்க வீட்டுல எடுத்ததுன்னு எழுதிறக் கூடாது பாரு." கடைசிச் சொல் எனக்குள் நன்றாகப் பதிந்துவிட்டது. என் பயமெல்லாம் அவர்கள் கொண்டுவந்து போடக்கூடியதைப் பற்றித்தான்.

வந்தார்கள். இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு பெண் போலீஸ், கூடவே அடுத்த தெருத் தலையாரி. எந்தக் கேஸுக்கும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். வாரன்ட் எங்கே என்று வாசலிலேயே மறித்தேன். இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை.

"கேஸை விசாரிக்கிற அதிகாரி, வாரன்ட் வாங்கப் போனா பொருள் போயிரும்னு நினைச்சா, காரணத்தை எழுதி வச்சுட்டுச் சோதனை போடலாம்மா. எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினார்.

அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "இந்தத் தலையாரி உங்க ஆளு. இன்னொரு ஆளு எங்க தெருவுல இருந்து நிக்கணும். அது வரைக்கும் உள்ள விடமாட்டேன்" என்றேன்.

"நானும் அதைத்தான் கேக்குறேன். கூட்டிட்டு வாங்க" என்று ஒரு போலீஸ்காரரை என்னோடு அனுப்பினார்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நான் போய் நின்ற தெரு அது. முதல் வீட்டில் கதவைத் தட்டினேன். "மேலுக்குச் சொகமில்ல மதினி" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. அடுத்த வீட்டில் வெளியே பூட்டு, உள்ளே குக்கர் விசில். எதிர் வீட்டு அண்ணன் என்னைப் பார்த்ததும் பின்பக்கமாக இறங்கிக் காட்டுக்குள் நடந்தார். கூட வந்த போலீஸ்காரர், "எழுத்து மூலமாக் கூப்பிட்டும் வராட்டி அதுவும் குத்தம்தான், தெரியுமா?" என்று பொதுவாகத் தெருவைப் பார்த்துக் கத்தினார். ஒரு கதவும் திறக்கவில்லை. சாட்சிக்கு வந்து நின்றால் நாளைக்குத் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பார்கள் என்ற பயம். எனக்கும் புரிந்தது. புரிந்தாலும், "நாசமாப் போங்க" என்று நடுத்தெருவில் நின்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

திறந்து கிடந்தது ஒரே ஒரு வீடுதான். செத்துப்போன அந்தப் பெண்ணின் வீடு. அம்மாக்காரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே மாலை போட்ட படம். அங்கே போய்க் கேட்க எனக்கு அருகதை உண்டா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு கேட்டேன். வேறு வழி இல்லை.

"என் வீட்ட அலசப் போறாக மதினி. ஒண்ணுமில்லன்னு பாத்துச் சொல்ல இந்தத் தெருவுல ஒரு நாதி இல்ல. நீங்க வந்து நில்லுங்க."

அவர் உடனே எழுந்துவிட்டார். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டே செருப்பைத் தேடினார். "எம்புள்ளய இழுக்கப் போயில்ல அவுக கைய வேக வச்சுக்கிட்டாக. அதுக்கு நான் வந்து நிக்க மாட்டனா? வா தாயி" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரைக்கும் விடவில்லை.

சோதனை முறைப்படிதான் நடந்தது. போலீஸ்காரர்கள் தங்கள் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார்கள். ஒருவர் போனில் வீடியோ எடுத்தார். பெண் போலீஸ் என்னை அடுப்படிக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, சேலையைத் தடவிப் பார்த்தாள். பீரோவை நகர்த்தினார்கள். அரிசிப் பானைக்குள் கையை விட்டார்கள். பரண்மேல் ஏறி, பழைய பாயை உதறினார்கள். ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாக ஒன்றுமில்லை என்று ஆக ஆக எனக்கு வாய் நீண்டது. "உளுந்து டப்பாவையும் பாத்துருங்க சார், அணுகுண்டு இருந்தாலும் இருக்கும்" என்றேன். மதினி லேசாகச் சிரித்தார். மகள் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஜன்னல் கட்டையில் என் வீட்டுக்காரரின் சவரச் சாமான் டப்பா இருந்தது. போலீஸ்காரர் அதைத் திறந்து ஒரு தாளில் கொட்டினார். பிளேடு, பிரஷ், படிகாரக் கட்டி. அவற்றுக்கு நடுவில் ஒரு சாவி. புதுசு, பித்தளை.

"இது எந்தப் பூட்டுக்கும்மா?"

"பீரோ சாவி" என்றேன், யோசிக்காமல்.

"போட்டுக் காட்டுங்க."

போட்டேன். நுழையவே இல்லை. டிரங்குப் பெட்டிக்காக இருக்கும் என்றேன். அதில் நுழைந்தது, திரும்பவில்லை. வாசல் பூட்டுக்குப் போட்டேன். சைக்கிள் பூட்டுக்குப் போட்டேன், அதற்கு இந்த மாதிரி சாவியே கிடையாது என்று தெரிந்தும் போட்டேன். திரும்பவும் டிரங்குப் பெட்டிக்கு வந்து, சாவியைப் புரட்டிப் போட்டு, பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். கை வியர்த்து வழுக்கியது. சாமி, ஏதாவது ஒரு பூட்டுக்குச் சேரட்டும் என்று வாய்விட்டே கும்பிட்டேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தியிருந்தால்கூடத் தேவலை.

"போதும் தாயி" என்றார் மதினி.

அங்கேயே உட்கார்ந்து மகஜர் எழுதினார்கள். என்ன பொருள், எந்த இடத்தில், யார் முன்னால் எடுத்தது என்று எல்லாம். இன்ஸ்பெக்டர் அதை உரக்கப் படித்தார். கொட்டகைக் கதவை வெளியே பூட்டியிருந்த பூட்டு சம்பந்தமான விசாரணைக்காகக் கைப்பற்றப்பட்டது என்று ஒரு வரி வந்தது. தலையாரி கேட்டும் கேட்காமலும் கையெழுத்துப் போட்டார். மதினி பேனாவை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"கதவு வெளிய பூட்டியிருந்துச்சா சார்?"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "ஆமாம்மா" என்றார்.

"ஓடி வந்திருக்கலாமே, கால் இல்லையாடின்னு அவ படத்தப் பாத்துத் தெனமும் வஞ்சேன்" என்றார் மதினி. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். முழுவதையும் கேட்டார். நிதானமாக, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். சட்டப்படி எனக்கும் ஒரு நகல் கொடுத்தார்கள். நான் அழுதேன். அவர் அழாமல் தன் வீட்டுக்குப் போனார்.

அந்தப் பூட்டுக்கு உள்ள இரண்டு சாவியில் ஒன்றுதான் அது என்று ஆய்வில் வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். "எல்லாரும் அப்படித்தான பூட்டுறாக. டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள..." என்று நிறுத்திவிட்டார். சத்தம் கேட்டு ஓடி வந்து, பழுக்கக் காய்ந்த பூட்டைப் பிடித்துத் திறக்கப் பார்த்ததில்தான் அந்தக் கைகள் வெந்திருக்கின்றன. திறக்க முடியவில்லை. ஊர் சொன்னதும் உண்மை, போலீஸ் சொன்னதும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு அவரை நான் என்ன செய்வது? வெறுத்துப் பார்த்தேன். விரல் மடக்க முடியாத மனிதனுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டே வெறுப்பது நடக்கிற காரியமாக இல்லை. அவர் ஜெயிலுக்குப் போகக்கூடாது என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஜாமீனில் வந்தார். கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடக்கிறது. வக்கீல் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். எல்லாம் அந்தச் சாவியில்தான் நிற்கிறது. வீடியோவில் டப்பாவைத் திறக்கிற நேரம் போலீஸ்காரரின் முதுகு மறைத்திருக்கிறது. தலையாரியைப் போலீசோட ஆள் என்று தள்ளிவிடலாம். மிச்சம் அந்த அம்மா ஒருத்திதான். கூண்டில் ஏறி, நான் பார்க்கவில்லை, கையெழுத்து மட்டும்தான் வாங்கினார்கள் என்று சொல்லிவிட்டால் கேஸ் உடைந்துவிடும். "நீங்க கேட்டா சொல்லுவாங்க. அன்னைக்கு நீங்க கூப்பிட்டுத்தான வந்தாங்க" என்றார்.

சாட்சி விசாரணைக்கு முந்தின நாள் போனேன். அந்தக் கதவு அன்றும் திறந்துதான் இருந்தது. மதினி என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தேன். வக்கீல் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதும் மதினி என்று அவர் காலைத் தொடப் போனேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு நான் எதப் பாக்கலன்னு சொல்லணும் தாயி? சாவியவா, எம்புள்ளயவா?"