இரண்டாம் முறை கேட்காத ஊர்

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆர்ஹூஸ் ரயில் நிலையத்தில் நின்றேன். நவம்பர் கடைசி. விடிந்துவிட்டதா என்பதே சந்தேகமாக இருந்தது. போக வேண்டிய ஊர் கிரின்ஸ்டெட், ஜட்லாண்டின் நடுவில் இருக்கும் சிறிய ஆலை ஊர். வெய்லே வரை ரயிலில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் பேருந்து. போகவர இருநூற்றைம்பது டேனிஷ் குரோனரைத் தாண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இது அநியாயம்தான். ஆனால் நான் கிளம்பியது சாப்பாட்டுக்காக அல்ல, பேச்சுக்காக.

திண்டுக்கல்லிலிருந்து முதுகலை படிக்க வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் போக டிக்கெட் எடுக்க வேண்டும். ஒருவழியா, இருவழியா என்பதில்தான் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. பாடம் கஷ்டமில்லை. குளிர்கூடப் பழகிவிட்டது. மனிதர்கள்தான் பிடிபடவில்லை.

எங்கள் விடுதியில் பன்னிரண்டு அறைக்கு ஒரு சமையலறை. தினமும் மாலை ஆறு மணிக்கு ஆறேழு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துச் சமைப்பார்கள். அவர்கள் சிரிப்பெல்லாம் அடங்கும்வரை நான் அறைக்குள் இருந்துவிட்டு, பிறகு போய்ச் சோறு வைப்பேன். வந்த முதல் வாரம், பக்கத்து அறை யோனாஸ் கதவைத் தட்டி, "எங்களோடு சாப்பிட வருகிறாயா?" என்று கேட்டான். "பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். "சரி" என்று போய்விட்டான். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. பேருக்குத்தான் கூப்பிட்டிருக்கிறான் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கூப்பிடாத பந்தியில் போய் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

வெய்லேயில் பேருந்து ஏறி, "கிரின்ஸ்டெட் போகுமா?" என்று ஓட்டுநரிடம் கேட்டபோது குரல் கம்மிப் போய் வந்தது. வெள்ளிக்கிழமை கடையில் 'பை வேண்டாம்' என்று சொன்னதற்குப் பிறகு அப்போதுதான் வாயைத் திறக்கிறேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வழியில் நிறையப் பேர் ஏறினார்கள். நின்றாலும் நின்றார்களே தவிர, என் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை. வெளியே உழுது போட்ட வயல், காற்றாலை, மறுபடியும் வயல்.

நிறுத்தத்தில் குகன் அண்ணை காரோடு காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே ஆலையில் வேலை. ஆர்ஹூஸில் ஒரு காய்கறிக் கடையில் நான் முருங்கைக்காயின் விலையைப் பார்த்து மலைத்து நின்றபோது அறிமுகமானவர். அன்றே வீட்டுக்குக் கூப்பிட்டார். நான் இழுத்தேன். அவர் விடாமல் நான்கு முறை போன் செய்தார். "பஸ்ஸை நம்பி இந்த ஊரிலை இருக்கேலாது தம்பி, கார் இல்லாட்டி கால் இல்லாத மாதிரி" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

அவர் மனைவி மாலதி அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அன்று விடுப்பு. பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் மேசையில் ஆவி பறக்கக் காத்திருந்தன. மகள் அபி பதினேழு வயது, இங்கேயே பிறந்தவள். தாய் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொன்னாள்.

தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டு முடித்ததும் அக்கா மறுபடி அகப்பையோடு வந்தார்.

"போதும்க்கா, வயிறு நிறைஞ்சிடுச்சு."

"சும்மா இருங்கோ தம்பி. இந்த வயசிலை இது காணுமே?" இரண்டு அகப்பை விழுந்தது.

நான் தட்டைக் கையால் மறைத்தேன். கையை விலக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கறி ஊற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அபி முகத்தைச் சுளித்துக்கொண்டு தாயிடம் டேனிஷில் ஏதோ வெடுக்கென்று சொன்னாள். என்னவென்று கேட்டேன். அக்கா சிரித்தார்.

"நீங்கள் வேண்டாம் எண்ட பிறகும் நான் போடுறனாம். அது உங்களை மதிக்காத வேலையாம். பாருங்கோவன் இவவின்ரை கதையை."

நானும் சிரித்துவிட்டு, சும்மா பேச்சுக்குத்தான் யோனாஸ் கதையைச் சொன்னேன். இவர்களுக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்கத் தெரியாது என்று குறை சொன்னேன். குகன் அண்ணை "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அபி மட்டும் சிரிக்கவில்லை. சொல் தேடித் தேடித் தமிழில் கேட்டாள்:

"உங்களுக்கு அவையளோடை சாப்பிட விருப்பமா?"

"விருப்பம்தான்."

"அப்ப ஏன் வேண்டாம் எண்டு சொன்னீங்கள்?"

திண்டுக்கல்லில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அங்கே முதல் தடவை மறுப்பது மரியாதை, மூன்றாவது தடவை இழுத்து உட்கார வைப்பது அன்பு. இதற்கெல்லாம் விளக்கம் வைத்துக்கொண்டா வாழ்கிறோம்? "கொஞ்சம் பிட்டுப் போடட்டே?" என்று அக்கா பேச்சை மாற்றினார்.

மூன்றரைக்குத் திரும்பும் பேருந்து. நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. அந்தப் பெண் மேல் கோபமாக இருந்தது. வெய்லே வருவதற்குள் அது என் மேல் திரும்பியிருந்தது.

விடுதிக்கு வந்தபோது ஆறரை. சமையலறையில் சாப்பாடு முடியும் நேரம். வழக்கம்போல் அறைக்குள் நுழையப் போனவன், திரும்பி வந்து வாசலில் நின்றேன்.

"நான் இங்கே உட்காரலாமா?" என்றேன்.

யோனாஸ் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். "தாராளமாக. உனக்குத் தனியாக இருப்பதுதான் பிடிக்கும் என்று நினைத்தோம். நீ சமைக்கும் நேரத்தில் யாரும் உள்ளே போகக் கூடாது, உனக்குத் தொந்தரவு என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்" என்றான். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அவர்கள் முகத்தில் ஒரு கல்மிஷமும் இல்லை. மூன்று மாதம் நான் அழாத குறையாகச் சோறு கிளறிக்கொண்டிருந்த அந்த வெற்றுச் சமையலறை, இவர்கள் எனக்குச் செய்த மரியாதை.

பத்து நிமிடத்தில் அவரவர் தட்டைக் கழுவிக்கொண்டு எழுந்தார்கள். யோனாஸ் கதவருகே நின்றான். "புதன்கிழமை நான் சமைக்கிறேன். வருகிறாயா?"

'உனக்கு எதற்குச் சிரமம்' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கி, "வருகிறேன்" என்றேன். எனக்கே கொஞ்சம் வெட்கங்கெட்டத்தனமாகப் பட்டது. "சரி" என்றான். அதே 'சரி'.

அவன் போன பிறகு நான் மட்டும் அந்த நீண்ட மேசையில் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட்டைப் பற்றிப் புதன் கழிந்து யோசிக்கலாம் என்று தோன்றியது. புதனுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.