நனைந்த பிரேக்

வெள்ளத்துக்குள் இறங்கி ஏறிய காரை நான் உடனே வேகமெடுக்க விடமாட்டேன். முதலாம் கியரில் ஊரவிட்டு, இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்சத் தூரம் போவேன். நனைந்த பிரேக் பிடிக்காது; அது சூடேறிக் காயவேண்டும். பின்னால் ஹோர்ன் அடிக்கிறவர் அடித்துக்கொண்டு கிடக்கட்டும்.

என் கணவர் வேலைக்கு வெளிநாடு போகும்போது, "அந்தக் கிழட்டுக் காரை வித்துப்போடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் விற்கவில்லை, லைசன்ஸ் எடுத்தேன். யுத்த காலம். கொழும்பில் சந்திக்குச் சந்தி செக்பொயின்ட். ஆமிக்காரன் கை காட்டினால் நிற்கவேண்டும். பிரேக் பிடிக்காமல் ஓடுகிற கார் எது, வேண்டுமென்றே நிற்காமல் ஓடுகிற கார் எது என்று சுடத் தயாராகத் துவக்கோடு நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? என் பிடிவாதத்துக்கு அதுதான் காரணம்.

அந்தப் பிடிவாதத்துக்குப் பெரிய சோதனை பல்கலைக்கழகம் போவதற்காக என் மகள் எழுதிய ஏ.எல். சோதனையன்றுதான் வந்தது. நாங்கள் வெள்ளவத்தைக்குக் குடிமாறி வந்தபிறகும் அவள் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தை விடவில்லை. சோதனை மண்டபமும் அங்கேதான். அன்று இரசாயனவியல். அரை மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள். விடியும்வரை பெய்த மழையில் எங்கள் கால்வாய்க்கரை ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். எழும்பியவுடன் எட்டிப் பார்த்திருக்கவேண்டும். பார்க்காதது என் பிழை. வழமையான நேரத்துக்கே வெளிக்கிட்டோம்.

தண்ணீரைக் கடந்து காலி வீதியில் ஏறியதும் நான் ஊரத் தொடங்கினேன்.

"அம்மா, என்ன செய்யிறியள்? நேரம் போகுது!"

"பிரேக் காயட்டும்."

"நடந்து போறவையெல்லாம் எங்களை முந்துகினம். ஐயோ, கெதியாப் போங்கோ!"

"சும்மா இரு பிள்ளை. நிக்கத் தெரியாத காரை நான் ஓட்டமாட்டன்."

எங்களோடு அதே தண்ணீருக்குள்ளால் வந்த நீல வான் ஒன்று ஹோர்ன் அடித்தபடி எங்கள்மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டு முந்திப் பறந்தது. மகள் அழத் தொடங்கினாள். "அப்பா இருந்திருந்தா இப்பிடி ஓடியிருக்கமாட்டார்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காலை எடுக்கவில்லை. மூன்று தரம் அழுத்திப் பார்த்து, மூன்று தரமும் கார் ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நின்றபிறகுதான் கியரை மாற்றினேன்.

பம்பலப்பிட்டி தாண்டியதும் செக்பொயின்ட். கண்ணாடிகள் ஆவி படிந்து புகார் பிடித்துப்போயிருந்தன. "இறக்கு கண்ணாடியை. அவங்களுக்கு எங்கட முகம் தெரியவேணும்" என்றேன். வெள்ளைச் சட்டை நனையும் என்று முணுமுணுத்தபடி இறக்கினாள். அப்போதுதான், பக்கத்து ஒழுங்கை வெள்ளத்துக்குள் போய் மறுபடி வீதிக்கு ஏறிய அந்த நீல வானை முன்னால் கண்டோம். மழைச்சட்டை போட்ட ஆமிக்காரன் நடுவீதிக்கு வந்து கையைக் காட்டினான். வான் நிற்கவில்லை. அவன் ஒரு பக்கம் பாய்ந்து விழ, வான் வழுக்கிப்போய் பீப்பாயை இடித்து மண்மூட்டையில் முட்டி நின்றது. நாலைந்து துவக்குகள் ஒரேயடியாக அதன்மேல் நீண்டன. சாரதி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினார். "பிரேக் நே மாத்தயா, பிரேக் நே!" பிரேக் இல்லை, பிரேக் இல்லை என்று கத்தினார். தமிழ் வாய் பேசுகிற சிங்களம் அது. அவரை ஈரத் தார்மேல் குப்புறப் படுக்கவைத்தார்கள். சுடவில்லை, கடவுளே, சுடவில்லை.

எங்கள் கார் இருபது அடி தள்ளியே நேராக நின்றது. மகளின் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

அந்தக் களேபரத்தில் வந்த வாகனமெல்லாவற்றையும் மறித்துவைத்தார்கள். மண்டபக் கதவை மூடப்போன நேரத்தில்தான் அவள் உள்ளே ஓடினாள். வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. "ஒரு கேள்வி எழுதேல்லை அம்மா. நேரம் காணேல்லை."

இரண்டு வருடப் படிப்பு. "பிந்தி வெளிக்கிட்டது என்ர பிழை" என்றேன். "மெதுவா ஓடினது பிழையில்லை." அவள் கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் திணித்துவிட்டுக் காரில் ஏறினாள்.

இரண்டு நாளில் அடுத்த வினாப்பத்திரம். மழை விடவில்லை. நான் விடியப்புறம் எழும்பி ஒழுங்கையைப் பார்க்கக் கதவைத் திறந்தால், தண்ணீர் அப்படியே கிடந்தது. அவள் எனக்கு முந்தி வெளிக்கிட்டு, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காருக்குள் இருந்தாள்.

தண்ணீரைக் கடந்து காலி வீதியில் ஏறினோம். நான் சொல்வதற்கு முதலே தன் பக்கக் கண்ணாடியை இறக்கினாள். சாரல் அவள் முகத்தில் அடித்தது.

"பிரேக்கை நல்லாக் காயவிடுங்கோ அம்மா" என்றாள். "நேரம் கிடக்கு."